விருப்பப் பாடமும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளிவிழா நாளில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்தின் துணையால் பள்ளியிறுதியைக் கடந்தோர் பலர். கல்லூரியைக் கடந்தோரும் உளர். இன்று முன் வரிசையில் சட்டக் கல்லூரி மாணவ மாணவியர் சிலர் அமர்ந்திருக்கக் காண்கின்றோம். "கல்வியின் சிறப்பு" என்பது விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு. கல்வி சிறப்புடையது என்பதை இவ்வவையில் மறுப்பார் ஒருவரும் இலர். ஒருவரும் மறுக்காததை ஒரு மணி நேரம் நின்று நிறுவுவதால் ஒலிபெருக்கிக்காரருக்கன்றி வேறெவர்க்கும் பயனில்லை. ஆதலின் தலைப்பை மிகவும் சுருக்கி, சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடங்களை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் பேச விழைகின்றோம். குழுவினர் பொறுத்தருள்வார்களாக.

சட்டக் கல்லூரியின் முதலாண்டில் பெரும்பாலும் கட்டாயப் பாடங்களே. ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், அரசியலமைப்பு, குடும்பச் சட்டம் என அவை வரிசையாக வரும்; படிக்க வேண்டியதுதான், தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றுமில்லை. மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்க்கு ஏறத்தாழ இரண்டாம் ஆண்டிலும், ஐந்தாண்டுப் படிப்பினர்க்கு அதற்குச் சற்றுப் பின்னரும் விருப்பப் பாடம் குறுக்கிடுகிறது. கல்லூரிக்குக் கல்லூரி பருவம் மாறலாம். இந்திய பார் கவுன்சில் 2008ஆம் ஆண்டில் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, 20 கட்டாயத் தாள்களும் 4 செய்முறைத் தாள்களும் போக, குறைந்தது 6 தாள்கள் விருப்பத் தாள்களாக அமைதல் வேண்டும். அரசியலமைப்பு, வணிகம், பன்னாட்டு வாணிகம், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், வேளாண்மை, அறிவுசார் சொத்துரிமை என ஏழு தொகுதிகளாக அப்பட்டியல் நீள்கிறது. பட்டியலில் உள்ள அனைத்தும் கல்லூரியில் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. பல்கலைக்கழகம் சிலவற்றையே நிறுத்திக்கொள்ளும். அவற்றுள்ளும் ஆசிரியர் உள்ள பாடமே நடக்கும். உணவு விடுதியின் சுவரில் எழுதியிருப்பது ஒன்று, அடுக்களையில் இருப்பது ஒன்று என்பதைப் போல. எனினும் அவ்வளவில் கிடைப்பதையேனும் கண்ணை விழித்துக்கொண்டு எடுத்தல் வேண்டும்.

இப்பொழுது எப்படி எடுக்கிறார்கள் என்று நம்மிடம் வந்துபோகும் மாணவர்களைக் கேட்டுப் பார்த்தோம். படிவம் கொடுக்க மறுநாளே கடைசி நாள் என்னும்பொழுது, விடுதி அறையில் நால்வர் கூடி, எந்தத் தாளில் எளிதாக மதிப்பெண் கிடைக்கும், எதற்கு அண்ணன்மாரின் குறிப்பு நகலெடுக்கக் கிடைக்கும், எதற்குத் தமிழில் வழிகாட்டி நூல் உண்டு என்று பார்த்து முடித்துவிடுகிறார்கள். இளமையில் இது இயல்பே. அவர்களைக் கடிந்துகொள்ள நாம் இங்கு வரவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தந்தையும் பாட்டனும் வழக்கறிஞராக இருந்த வீட்டுப் பிள்ளை, விருப்பப் பாடத்தை எப்படித் தேர்ந்தாலும் அவனுக்கு இழப்பில்லை. கல்லூரியில் விட்டதை அவன் தந்தையின் அலுவலகத்தில் மாலை வேளையில் பிடித்துக்கொள்வான். கட்சிக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் அவன். நம் வீட்டில் நீதிமன்றப் படியேறியவர் உண்டு. சாட்சியாக, வாதியாக, பல சமயம் எதிரியாக ஏறியவர்கள். கறுப்பு அங்கியோடு ஏறியவர் இல்லை. ஆகவே ஒரு பொருளைப் பற்றி அறிந்தார் ஒருவர் வாயிலாக ஓராண்டு முறையாகக் கேட்கும் வாய்ப்பு நம் பிள்ளைக்குக் கல்லூரியில் மட்டுமே வாய்க்கிறது. ஆறு தாள்கள் என்பன ஆறு வாயில்கள். அவற்றில் நான்கினை மதிப்பெண்ணுக்காக வீணாக்குதல் அடுக்குமா?

அண்ணன்மாரின் குறிப்பை நம்புவோர்க்கு மற்றொரு செய்தி. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமும், குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் போய் மூன்று புதிய சட்டங்கள் வந்துவிட்டன. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளார்கள். பிரிவு எண்கள் அனைத்தும் மாறிவிட்ட நிலையில், மூன்றாண்டுக்கு முந்தைய நகல் குறிப்பை மனனம் செய்வது, இடிந்த வீட்டிற்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? நாம் சட்டம் பயின்றோர் அல்லோம், பள்ளியாசிரியர். ஆனால் கிராமத்துத் தலைமையாசிரியருக்குச் சம்பளமில்லாத வேறொரு வேலையும் உண்டு என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். தெருவில் எவருக்கேனும் வக்கீல் நோட்டீஸ் வந்தால், நீதிமன்ற அழைப்பாணை வந்தால், வங்கியிலிருந்து பதிவஞ்சல் வந்தால், "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று மாலையில் பள்ளித் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் அத்தகைய தாள்களைப் படித்துச் சொல்லி வந்திருக்கிறோம். நம் மக்களுக்கு எந்தச் சட்டம் தேவை என்பதை எந்தப் பாடத்திட்டக் குழுவும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாள்களே சொல்லிவிடும்.

அவற்றில் முதலிடம் நிலத்திற்கே. பட்டாவில் பெயர் மாறிவிட்டது, நத்தத்தில் எல்லைத் தகராறு, பாதையை அடைத்துவிட்டார்கள், இவை ஓயாமல் வருவன. 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபொழுது, வயலில் உழுதுகொண்டிருந்தவன் பெயர் விட்டுப்போய் வேறொருவர் பெயர் ஏறிவிட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அதற்கும் முந்தியது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் நம் முன்னோரின் நிலையை எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892இல் அரசு பிறப்பித்த ஆணையின்படி வழங்கப்பட்டது அது. பத்தாண்டு வரை விற்கலாகாது, பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம். இன்று அதில் எவ்வளவு நம் கையில் உள்ளது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. காரணையில் அந்நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிர் துறந்தனர். உயிர் கொடுக்க ஆளிருந்தது. ஆனால் பழைய 'அ' பதிவேட்டைத் தேடியெடுத்து, 'டி.சி. நிலம்' என்ற குறிப்பைக் காட்டி, வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு கைமாற்றத்தையும் வரிசைப்படுத்தி, வருவாய்த் துறையின் நிலையாணையை எடுத்து வைத்து வாதாடுவதற்குப் பழகிய வழக்கறிஞர் நம்மிடையே எத்தனை பேர்? ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

வேளாண்மைத் தொகுதியில் நில உச்சவரம்பையும் உள்ளூர் நிலச் சட்டங்களையும் பற்றிய தாள் ஒன்று உண்டு. மாணவர் பலர் அதனைப் பழைய காலத்துப் பாடம் என்று தள்ளிவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம், அதனை 15 தர ஏக்கராகக் குறைத்த 1970ஆம் ஆண்டுத் திருத்தம், பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையையே உரிமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டம், நமக்கு வீட்டுமனை வழங்குவதற்கென நிலம் எடுக்க வகைசெய்த 1978ஆம் ஆண்டுச் சட்டம், எல்லாம் இந்தத் தொகுதியைச் சார்ந்தவையே. கடைசியாகச் சொன்னதைச் சற்று விரித்துரைப்போம். அரசு நிலத்தை எடுக்கிறது, நம்மவர்க்கு மனைப் பட்டா வழங்குகிறது, விழா நடக்கிறது, நாளிதழில் படமும் வருகிறது. நிலத்தின் சொந்தக்காரர் உயர் நீதிமன்றம் சென்று, முறைப்படி அறிவிப்புத் தரப்படவில்லை என்று காட்டி எடுப்பாணையை நீக்கிவிடுகிறார். அந்த வழக்கில் பட்டா பெற்ற நம் மக்கள் பல வேளைகளில் தரப்பினராகவே இருப்பதில்லை. வழக்கு நடந்ததும் தெரியாது. பட்டா பெட்டியில் இருக்கும், மனை கையில் இராது. அத்தகைய பட்டாக்களை நாம் பார்த்திருக்கிறோம். 'எங்களையும் தரப்பினராகச் சேர்த்துக்கொள்க' என்று உரிய காலத்தில் ஒரு மனுப் போடுவதற்கு அந்தச் சட்டத்தைப் படித்த ஓர் இளைஞன் போதும்.

அடுத்து ஊராட்சி. அரசியலமைப்புத் தொகுதியில் உள்ளாட்சி பற்றிய தாள் உண்டு. தனித் தொகுதியாக்கப்பட்ட பின்னர் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்தாண்டு தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை, 2006இல்தான் நடந்தது. மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடறியும். இத்தகைய பெருங்கொடுமைகள் செய்தியாகின்றன. செய்தியாகாதது வேறொன்று. ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் ஒப்பமிட வேண்டும். துணைத் தலைவர் பேனாவை மூடிவிட்டால் தெருவிளக்கு எரியாது, தண்ணீர் வராது. பழி நம் தலைவர்மேல் விழும். ஒப்பமிட மறுப்பதை எங்கே முறையிடுவது, தம்மைப் பதவி நீக்க 205ஆம் பிரிவின்கீழ் ஆட்சியரின் அறிவிப்பு வந்தால் எத்தனை நாளில் எப்படி விடையளிப்பது என்பவற்றைச் சொல்லித்தர அருகில் ஒருவர் வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி இவ்வவையில் நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 15அ என்ற பிரிவை மட்டும் நினைவூட்டுகின்றோம். பிணை கேட்கும் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல அது உரிமை தருகிறது. உரிமை உண்டு, சொல்ல ஆளில்லை. குற்றவியல் தொகுதியில் 'தண்டனையியலும் பாதிக்கப்பட்டோர் இயலும்' என்றொரு தாள் இருக்கிறது. எதிரிக்காக வாதிடக் கற்றுத்தரும் இடங்கள் பல உண்டு. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கக் கற்றுத்தரும் தாள் அரிது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அத்தொகையைக் கேட்டு வாங்கித் தருவதும் இவ்வகையைச் சேர்ந்த பணியே. இட ஒதுக்கீட்டுக் கொள்கை பற்றிய தாள் எந்தக் கல்லூரியில் கிடைத்தாலும் நம் பிள்ளைகள் அதனை விடலாகாது. அதனைப் பற்றி நம்மைவிடப் பிறர் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள், குறை காண்பதற்காக.

இதுவரை சொன்னவற்றை இங்குள்ள பெரியோர் ஒப்புவீர்கள். இனிச் சொல்லப்போவதைச் சிலர் ஒப்பாமலும் இருக்கலாம். வங்கிச் சட்டம், காப்பீட்டுச் சட்டம், மாற்று முறை ஆவணச் சட்டம் என்றால், "அது செட்டியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு; நமக்கு எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உளர். அரசியலமைப்பும் மனித உரிமையும் போதும் என்பது அவர்கள் கருத்து. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை இவர்கள் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். அரசியலமைப்பை வரைந்தவர் என்று அவரை அறிவோம். அதற்கு முன்பு அவர் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர். 1923இல் வெளியான அவர் நூலின் பொருள் ரூபாயின் மதிப்பு. மாகாண நிதியைப் பற்றி மற்றொரு நூல். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய காலத்தில், 1925 முதல் 1928 வரை, கணக்கியல் பயிற்சி நிறுவனமொன்றில் மாணவர்க்கு அவர் கற்பித்த பாடம் வணிகச் சட்டம்! 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வரானார். பணத்தின் சட்டம் நமக்குரியதன்று என்று அவர் நினைத்ததில்லை.

மேலும், நம் திண்ணைக்கு வரும் தாள்களில் காசோலை வழக்கு நோட்டீஸ் அண்மைக் காலத்தில் பெருகி வருகிறது. கடன் கொடுத்தவர் வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். பின்னர்த் தொகையை அவரே நிரப்பி வங்கியில் போட்டு, திரும்பியதும் 138ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸ் விடுவார். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிடில் குற்ற வழக்கு வரும். காசோலை ஈடாகத் தரப்பட்டதென்று உடனே விடையெழுதி வைத்தால் அது பின்னர்ச் சான்றாக நிற்கும். நம் பெண்கள் அஞ்சி, நோட்டீசை அரிசிப் பானைக்கடியில் வைத்துவிடுகிறார்கள். காப்பீடும் அப்படியே. சாலை விபத்தில் இறந்த கொத்தனாருக்குச் சம்பளச் சான்று இல்லை. அவருடைய நாட்கூலியை எவ்வாறு நிறுவுவது, எஞ்சிய உழைப்பாண்டுகளை எவ்வாறு கணக்கிடுவது என்பது தெரிந்த வழக்கறிஞர் இருந்தால் அக்குடும்பம் பிழைக்கும். இல்லையேல் முதலில் நீட்டிய தொகையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தொடக்க நிலையில் உள்ள வழக்கறிஞர்க்கு இவை வருவாய் தரும் வழக்குகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பசித்த வயிற்றோடு சமுதாயத் தொண்டு நெடுநாள் நடவாது.

சென்னையில் பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவில் சேரவேண்டும், அதற்காக அறிவுசார் சொத்துரிமையும் பன்னாட்டு வாணிகமும் எடுக்கின்றேன் என்று கூறும் மாணவரும் நம்மிடையே உளர். அவர்களைச் சமுதாயத்தை மறந்தவர் என்று ஏசுவது நமக்கு உடன்பாடன்று. அந்த நாற்காலிகளிலும் நம்மவர் அமர வேண்டும். ஆறனுள் நான்கை அவர்கள் விருப்பம்போல் எடுக்கட்டும். இரண்டையேனும் தெருவுக்கென ஒதுக்க வேண்டுகின்றோம். ஊரிலேயே தொழில் செய்ய எண்ணுவோர் இதனைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்: நான்கு தெருவுக்கு, இரண்டு பணத்தின் சட்டத்திற்கு. பெண்பிள்ளைகளிடம், "குடும்ப நீதிமன்றத்தோடு நில்" என்று சொல்லும் தாய்தந்தையர்க்கும் ஒரு சொல். பட்டா வழக்கோடு நம் பள்ளிக்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்களே. அவர்கள் தம் வழக்கைத் தம் பெண்ணிடம் சொல்வது எளிது.

தமிழ் வழியில் பயின்றோரின் இடர்ப்பாடு உண்மையானது. தேர்வைத் தமிழில் எழுதலாம். விருப்பப் பாடங்களுக்குத் தமிழில் நல்ல நூல் கிடைப்பதில்லை. அதனாலேயே நூலுள்ள பாடத்தை எடுக்கிறார்கள். நிலச் சட்டத்தையும் உள்ளாட்சியையும் பொறுத்தவரை இந்த அச்சம் வேண்டா. பட்டா, சிட்டா, அடங்கல் முதலாக மூலப்பொருள் முழுதும் தமிழில் இருக்கிறது; கீழ் நீதிமன்றங்களில் சாட்சியமும் தமிழில் நடக்கிறது. மற்றவற்றிற்கு, சட்டத்தின் ஆங்கில மூலத்தையும் தமிழாக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு இரண்டு பிரிவுகளைப் படித்து வந்தால் ஓராண்டில் மொழி வசமாகும். உரிமையியல் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்பு ஒரு தனித் தாள் என்பதையும் மறவாதீர்கள். அத்தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. எனவே நீதிபதி ஆக விழைவோரும் முதலில் வழக்கு நடத்தித்தான் ஆகவேண்டும். ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன் அவர்கள் 1949இல் மாவட்ட முனிசீப்பாகத் தொடங்கி, 1973இல் சென்னை உயர் நீதிமன்றத்திற்கும் 1980இல் உச்ச நீதிமன்றத்திற்கும் நீதிபதியானார். உச்ச நீதிமன்றத்தில் நம்மவருள் முதல்வர் அவரே. முனிசீப்பு நீதிமன்றத்தில் அன்றும் இன்றும் வருவன நிலமும் கடனுமே.

பட்டம் பெற்றபின் பதிவுக் கட்டணத்தை எண்ணிக் கலங்குவோர் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கலாகாது என்று 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கூடுதலாகக் கேட்டால் அத்தீர்ப்பைக் காட்டுங்கள். அகில இந்திய பார் தேர்விலும் நம்மவர்க்குத் தேர்ச்சி மதிப்பெண் 40 விழுக்காடு. குறிப்பில்லாத சட்டநூலை உடன் கொண்டு செல்லலாம்.

சங்கத்தின் செயலாளரிடம் இரண்டு வேண்டுகோள் வைத்துள்ளோம். நம் படிப்பகத்தில் வருவாய் நிலையாணைத் தொகுதி, ஊராட்சிகள் சட்டம், மாற்று முறை ஆவணச் சட்டம் ஆகியவற்றின் புதிய பதிப்புகளை வாங்கி வைக்க வேண்டும். அடுத்து, விருப்பப் பாடப் படிவம் தருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சட்டம் பயிலும் மாணவர்களையும் தொழில் செய்யும் நம் வழக்கறிஞர்களையும் அங்கே ஒருசேர அமரச் செய்ய வேண்டும். மாணவர்கள் தம் கல்லூரி தரும் பாடங்களின் பட்டியலைக் கையோடு கொண்டு வருக. திண்ணைக்கு வந்த தாள்களில், உரியவர் இசைவு பெற்று, பெயர் மறைத்துச் சிலவற்றை நாம் கொண்டு வருகின்றோம். எந்தத் தாளுக்கு எந்தப் பாடம் விடை சொல்லும் என்று அன்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காலை பத்து மணிக்குத் தொடங்கலாம் எனச் செயலாளர் இசைந்துள்ளார்.